முதலாண்டு மேலாண்மைப் பாடமும் மூட்டை தூக்கும் ஆட்களின் பங்குக் கணக்கும்

20 ஆகஸ்ட் 2023, மாலை (வாசகி ஒருவரின் கேள்வி)

இளங்கலை வணிக நிர்வாகம் முதலாண்டு படிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வணிகவியலில் ஃபயோலின் 14 மேலாண்மைக் கொள்கைகளை மனப்பாடம் செய்தேன். கல்லூரிக்கு வந்தால் அதே 14 மறுபடியும் வருகின்றன. கூடவே டெய்லர், மேயோ, மாஸ்லோ, ஹெர்ஸ்பெர்க். பாபநாசம் பக்கம் குத்தகைக்குச் சாகுபடி செய்யும் என் அப்பா, எங்கோ அமெரிக்கத் தொழிற்சாலையில் நூறு வருடத்துக்கு முன் நடந்ததைப் படித்து உனக்கு என்ன தெரியப்போகிறது என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. பெயரையும் ஆண்டையும் எழுதித் தேர்ச்சி பெறுவதைத் தவிர இந்தப் பாடத்தில் வேறு ஏதாவது இருக்கிறதா?

20 ஆகஸ்ட் 2023, இரவு

இருக்கிறது. ஆனால் அது பாடநூல் தரும் சுருக்கத்தில் இல்லை. யாரை ஆராய்ந்தார்கள், எந்த வேலையை ஆராய்ந்தார்கள், அதற்குப் பணம் கொடுத்தது யார், முடிவு யாருக்கு உதவியது என்ற நான்கையும் வெட்டிவிட்டு, எஞ்சிய தலைப்புகளை மட்டும் எண்ணிட்டுக் கொடுப்பதால்தான் மாணவர்களுக்கு அது உயிரற்றதாகத் தெரிகிறது. நான் தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஒரு புழுங்கலரிசி ஆலையில் பதினோரு ஆண்டுகள் கணக்கெழுதியவன். அங்கிருந்தபடியே தொலைநிலைக் கல்வியில் மேலாண்மை படித்தேன். இப்போது ஒன்பது ஆண்டுகளாக மேலாண்மை, நிறுவன நடத்தை ஆகிய இரண்டு பாடங்களையும் கற்பித்து வருகிறேன்.

அமெரிக்கப் பொறியாளர் டெய்லரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1911-இல் வெளிவந்த நூலில் அவர் சொல்லும் பெத்லகேம் எஃகு ஆலைக் கதையில், ஒரு தொழிலாளி நாளொன்றுக்குச் சுமந்த வார்ப்பிரும்பு பன்னிரண்டரை டன்னிலிருந்து நாற்பத்தேழரை டன்னாக உயர்ந்தது. அவருடைய கூலி 1 டாலர் 15 சென்ட்டிலிருந்து 1 டாலர் 85 சென்ட்டாக உயர்ந்தது. பாடநூல் இதை உற்பத்தித் திறன் என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடும். நீங்கள் ஒரு தாளில் வகுத்துப் பாருங்கள்: வேலை ஏறத்தாழ நான்கு மடங்கு, கூலி ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். உங்கள் அப்பாவிடம் இந்த இரண்டு எண்களைச் சொன்னால், மீதி யாருக்குப் போனது என்று அவர் உடனே கேட்பார். அந்தக் கேள்வியிலிருந்துதான் பாடம் தொடங்குகிறது.

21 ஆகஸ்ட் 2023

நேற்று எழுதியதைப் படித்த ஒருவர், ஆலையில் இருந்தபோது நீங்கள் டெய்லரைப் பயன்படுத்தினீர்களா என்று கேட்டிருக்கிறார். பயன்படுத்தினேன். அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

சம்பா அறுவடைக் காலத்தில் நெல் லாரிகள் வரிசையாக வரும். மூட்டை இறக்கி அடுக்கவும் அரிசி மூட்டை ஏற்றவும் பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு கூட்டம் இருந்தது. அதற்கு ஒரு மேஸ்திரி. ஆலை மூட்டைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு மொத்தப் பணத்தையும் மேஸ்திரியிடம் கொடுக்கும். சனிக்கிழமை மாலை அவர்கள் தங்களுக்குள் பிரித்துக்கொள்வார்கள். எப்படிப் பிரித்தார்கள் என்பது ஆலையின் பதிவேட்டில் இல்லை. லாரிகள் இரவு தங்கிவிட்டால் காத்திருப்புக் கூலி ஆலையின் தலையில் விழும் என்பதால், வேலை மெதுவாக நடக்கிறது என்று முதலாளிக்கு மனக்குறை. அப்போதுதான் டெய்லரைப் படித்து முடித்திருந்த நான், ஆளுக்கு ஆள் தனியாக எண்ணலாம் என்று சொன்னேன். ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு தகர வில்லை. மாலையில் வில்லையை எண்ணிக் கூலி. குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தாண்டினால் மூட்டைக்குச் சற்றுக் கூடுதல்.

முதல் வாரம் லாரிகள் முன்னிரவிலேயே திரும்பிப் போயின. முதலாளி என்னைப் பாராட்டினார். இரண்டாம் வாரத்தில் அடுக்குகள் சாய்ந்து நிற்கத் தொடங்கின. வில்லை மூட்டையைப் போடும் இடத்தில் கிடைத்தது, அது நேராக நிற்கிறதா என்பதற்கு வில்லை கிடையாது. மூன்றாம் வாரம் ஓர் அடுக்கு சரிந்து ஓர் இளைஞரின் கால் முறிந்தது. வயதான இரண்டு பேருடைய வில்லைகள் மற்றவர்களுடையதில் பாதிக்கும் குறைவு. மேஸ்திரி என்னிடம் எதுவும் பேசவில்லை. ஒரு மாதத்துக்குள் அவரும் இன்னும் ஆறு பேரும் வேறு ஆலைக்குப் போய்விட்டார்கள். முதலாளி பழைய முறையையே கொண்டுவந்தார். போனவர்களில் நான்கு பேர் திரும்பி வரவேயில்லை. கால் முறிந்தவருக்கு ஆலை கொடுத்த தொகை மருத்துவச் செலவுக்கே போதவில்லை. அந்த யோசனை என்னுடையது என்பதை நான் எந்த வகுப்பிலும் மறைத்ததில்லை.

21 ஆகஸ்ட் 2023, பின்னிரவு

டெய்லர் தொழிலாளர்களைக் கசக்கிப் பிழியச் சொன்னவர் என்று சிலர் பதில் எழுதியிருக்கிறார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. இடைவேளை ஓய்வு வேண்டும், கருவி வேலைக்குப் பொருந்த வேண்டும், உயர்ந்த உற்பத்திக்கு உயர்ந்த கூலி தர வேண்டும் என்றும் அவர் எழுதியிருக்கிறார். வேலையை எப்படிச் செய்வது என்று சிந்திக்கும் பொறுப்பை, அதைச் செய்பவரிடமிருந்து எடுத்து அலுவலகத்துக்குக் கொண்டுபோனதில்தான் எனக்கு அவரோடு பிணக்கு. நான் செய்த பிழையும் அதுவே. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: வார்ப்பிரும்புக் கதையை டெய்லர் சொன்னபடியே நம்பிவிடக் கூடாது, ரெகி, பெரோனி என்ற இரு ஆய்வாளர்கள் 1974-இல் அதைப் பழைய ஆவணங்களோடு ஒப்பிட்டு, பல இடங்களில் அது பொருந்தவில்லை என்று காட்டினார்கள்.

24 ஆகஸ்ட் 2023

ஆலைக் கதைக்கு விளக்கம் தேடியபோது எனக்குக் கைகொடுத்தவை ஹாதார்ன் ஆலை ஆய்வுகள். 1924-இல் எல்டன் மேயோ சிகாகோவை அடுத்த வெஸ்டர்ன் எலக்ட்ரிக் தொழிற்சாலையில் தொடங்கிய ஆய்வுகள் 1932 வரை நீண்டன. விளக்கைக் கூட்டினாலும் குறைத்தாலும் உற்பத்தி உயர்ந்தது, ஆகவே கவனிக்கப்படுகிறோம் என்ற உணர்வே ஊக்கம் தருகிறது என்று நாம் தேர்வில் எழுதுகிறோம். ஆனால் அதே ஆய்வின் கடைசிப் பகுதியைப் பாருங்கள். இணைப்புக் கம்பி வேலை செய்த 14 ஆண்களை 1931 இறுதியிலிருந்து சில மாதங்கள் ஓர் அறையில் வைத்துக் கவனித்தார்கள். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் செய்வது என்று அவர்கள் தங்களுக்குள் ஓர் அளவு வைத்திருந்தார்கள். அதை மீறி வேகமாகச் செய்பவரை மற்றவர்கள் கேலி செய்தார்கள், தோளில் குத்தினார்கள். மிகக் குறைவாகச் செய்தவரையும் அவர்கள் ஏற்கவில்லை. கூடுதலாக உழைத்தால் கூலி கூடும் என்ற ஏற்பாடு இருந்தும் அந்த அளவு அசையவில்லை. அளவைக் கூட்டினால் நாளை நிர்வாகம் கூலி விகிதத்தைக் குறைக்கும் என்று எங்கள் ஆட்கள் அஞ்சியதைப் போலவே அவர்களும் அஞ்சினார்கள்.

எங்கள் கூட்டத்திலும் அளவு இருந்தது. புதிதாக வந்த ஒரு பையன் ஓடி ஓடிச் சுமந்தபோது மேஸ்திரி அவனை உட்கார வைத்துத் தேநீர் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். சோம்பேறித்தனத்தைப் பழக்குகிறார் என்று அன்று நினைத்தேன். பங்கைச் சமமாகப் பிரிக்கும் கூட்டம் சமமாகவே உழைக்க விரும்பும் என்று இப்போது புரிந்துகொள்கிறேன்.

25 ஆகஸ்ட் 2023

நேற்றைய குறிப்பில் இரண்டு பிழைகள். 1924-இல் விளக்கொளிச் சோதனைகளைத் தொடங்கியவர் மேயோ அல்லர். அவர் 1928-இல்தான் அந்த ஆலைக்கு வந்தார். பல பாடநூல்களில் இருக்கும் இந்தப் பிழையை நானும் பழக்கத்தில் எழுதிவிட்டேன். அடுத்தது, விளக்கைக் குறைத்தாலும் உற்பத்தி உயர்ந்தது என்பதையும் அவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்கக் கூடாது. தொலைந்துபோனதாகக் கருதப்பட்ட அந்தப் பழைய தரவுகளை லெவிட், லிஸ்ட் என்ற இரு பொருளியலாளர்கள் தேடி எடுத்து மறுபடியும் கணக்கிட்டு 2011-இல் வெளியிட்டார்கள். பாடநூல் சொல்லும் அளவுக்கு வியப்பான விளைவு எதுவும் அவற்றில் தெளிவாக இல்லை. அதே ஆய்வுகளில், தொலைபேசிக்கான ரிலே என்ற பாகத்தைப் பொருத்தும் அறையில் கவனிக்கப்பட்ட ஐந்து பெண்களில் இருவர் ஒத்துழைக்கவில்லை என்று சொல்லி 1928 தொடக்கத்தில் மாற்றப்பட்டார்கள் என்பதையும் பாடநூல் சொல்வதில்லை. அன்பாகக் கவனித்ததால் உற்பத்தி உயர்ந்தது என்று நாம் எழுதும் விடைக்குள் வேலை மாற்றப்பட்ட இரண்டு பெண்கள் இருக்கிறார்கள்.

2 செப்டம்பர் 2023

மாணவி மறுபடியும் எழுதியிருக்கிறார். மனிதத் தேவைகளைக் கீழிருந்து மேலாக அடுக்கிக் காட்டும் மாஸ்லோவின் முக்கோணத்தை வகுப்பில் வரையச் சொன்னார்களாம். வயிறு நிறைந்த பிறகுதான் மனிதன் பாதுகாப்பைப் பற்றி நினைப்பான் என்று ஆசிரியர் சொன்னபோது தன் பாட்டி நினைவுக்கு வந்தாராம். பஞ்சத்தில் பத்தாயம் காலியாகிக் கஞ்சிக்கும் வழியில்லாமல் இருந்த நாளிலும், பாட்டியின் மாமியார் விதைக்கோட்டையை அவிழ்க்க விடவில்லை என்பது அந்த வீட்டில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

இதை நான் பல ஆண்டுகளாக வகுப்பில் சொல்லத் தெரியாமல் இருந்திருக்கிறேன். விதைநெல்லைக் குத்தித் தின்பது என்ற சொல்லே நம் ஊரில் வசையாகப் புழங்குகிறது. அதாவது பசிக்கும் நேரத்தில் அடுத்த பட்டத்தை நினைப்பது இங்கே விதிவிலக்கு அன்று, அதுவே எதிர்பார்க்கப்படும் நடத்தை. மாஸ்லோவைக் குற்றம் சொல்லவும் முடியாது. அவருடைய 1943 கட்டுரையில் முக்கோணமே கிடையாது. அது பிற்காலத்தில் வேறு சிலர் வரைந்தது. ஒரு தேவை முழுமையாக நிறைந்த பிறகே அடுத்தது தோன்றும் என்று எண்ணுவது தவறு என்று அவரே எழுதி, புரிய வைப்பதற்காகச் சில எண்களையும் கற்பனையாகப் போட்டிருக்கிறார்: உடல் தேவை 85 விழுக்காடும், பாதுகாப்பு 70-உம், அன்பு 50-உம், மதிப்பு 40-உம், தன்னிறைவு 10-உம் நிறைந்திருக்கலாம் என்று. வரிசை மாறிப்போகும் மனிதர்களைப் பற்றியும் அதில் இருக்கிறது. தேர்வில் முக்கோணத்தை வரையுங்கள். அதற்குக் கீழே இந்தச் செய்தியையும் இரண்டு வரியில் எழுதுங்கள்.

10 செப்டம்பர் 2023

தமிழில் தேர்வெழுதும் மாணவர்களுக்காக ஒரு சொல்லைப் பற்றி. ஹெர்ஸ்பெர்கின் ஹைஜீன் காரணிகளைச் சுகாதாரக் காரணிகள் என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். சென்ற ஆண்டு நான் திருத்திய விடைத்தாள்களில் பலர், ஆலையில் குடிநீரும் கழிப்பறையும் இருக்க வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதியிருந்தார்கள். மாணவர்களுடைய தவறு அன்று, சொல்லின் தவறு. ஹெர்ஸ்பெர்க் அந்தச் சொல்லை மருத்துவத்திலிருந்து உவமையாக எடுத்தார்: தூய்மை நோயைத் தடுக்கும், ஆனால் நோயாளியைக் குணப்படுத்தாது. அதைப் போலவே சம்பளம், மேற்பார்வை, பணிச்சூழல் முதலியவை சரியாக இருந்தால் மனக்குறை வராது. ஆனால் அவற்றால் மட்டும் வேலையில் ஈடுபாடு பிறந்துவிடாது. தடுப்புக் காரணிகள் என்று சொல்லியிருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும். 1959-இல் வெளியான அந்த ஆய்வு பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் 200 பொறியாளர்களிடமும் கணக்கர்களிடமும் நடத்தப்பட்டது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். நாள் கூலிக்கு நடவு நடும் பெண்ணிடம் கூலி வெறும் தடுப்புக் காரணி என்று யாரும் போய்ச் சொல்ல முடியாது.

8 அக்டோபர் 2023

ஃபயோல் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக: அவர் சுரங்கப் பொறியாளர், ஒரு நிறுவனத்தைப் பல்லாண்டுகள் தலைமையேற்று நடத்தியவர், 1916-இல் தம் அனுபவத்தை எழுதினார். பதினான்கு என்ற எண் புனிதமானதன்று என்ற பொருளில் அவரே எழுதியிருக்கிறார். ஒருவருக்கு ஒரே மேலதிகாரிதான் ஆணையிட வேண்டும் என்ற கட்டளை ஒருமை எப்போது தேவை, எப்போது தேவையில்லை என்பதை நான் ஆலையின் உலர்களத்தில் பார்த்தேன். அவித்த நெல் களம் முழுக்கப் பரந்து கிடக்கும்போது மேற்கே கருத்துவிட்டால், யாரும் யாருக்கும் உத்தரவிடுவதில்லை. படுதாவின் நான்கு முனைகளுக்கும் ஆட்கள் ஓடியிருப்பார்கள். மேலாண்மைச் சிந்தனையாளர் மேரி பார்க்கர் ஃபாலெட் இதைச் சூழ்நிலையின் விதி என்றார். ஆணை ஒரு மனிதரிடமிருந்து வராமல் நிலைமையிலிருந்தே வரும் என்பது அவர் கருத்து. 1933-இல் மறைந்த அந்த அம்மையாருக்குப் பல பாடத்திட்டங்களில் ஒரு வரிகூட ஒதுக்கப்படவில்லை.

29 அக்டோபர் 2023

ஆடம்ஸின் நியாயக் கோட்பாட்டைப் பற்றி நெடுநாளாக எழுத நினைத்தது. தான் தருவதற்கும் பெறுவதற்கும் உள்ள விகிதத்தை மனிதர் இன்னொருவருடைய விகிதத்தோடு ஒப்பிடுகிறார் என்று அவர் 1963-இல் சொன்னார். கடைமடையில் வயல் வைத்திருப்பவருக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. முறை வைத்துத் தண்ணீர் விடும் ஆண்டுகளில் தலைமடைக்காரரின் வாய்க்காலைத் தாண்டித்தான் அவருடைய வாய்க்காலுக்குத் தண்ணீர் வர வேண்டும்.

நியாயமில்லை என்று உணர்பவர் என்ன செய்வார் என்பதற்குப் பாடநூல் ஒரு பட்டியல் தருகிறது: உழைப்பைக் குறைப்பார், கூடுதல் கேட்பார், தன் எண்ணத்தை மாற்றிக்கொள்வார், வேறு ஒருவரோடு ஒப்பிடுவார், வேலையை விட்டுப் போவார். எல்லாமே தனி ஒருவர் செய்பவை. நம் மாவட்டங்களில் கூலி கேட்டவர்கள் தனியாகக் கேட்கவில்லை, சங்கமாகக் கேட்டார்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், எரித்துக் கொல்லப்பட்டார்கள். கூலி உயர்வு கேட்டு ஒன்றாக நின்ற தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள் அவை. அடுத்த ஆண்டு, 1969-இல், விவசாயத் தொழிலாளர்களுக்கான நியாயக் கூலிச் சட்டம் வந்தது. நிறுவன நடத்தைப் பாடத்தைக் காவிரிப் படுகையில் கற்பிக்கும் ஒருவர், நியாயம் என்ற அத்தியாயத்தில் இதைச் சொல்லாமல் கடந்து போவதை என்னால் ஏற்க முடியவில்லை. எட்டு ஆண்டுகள் நானும் அப்படித்தான் கடந்து போனேன். சாதியும் நிலமும் பாடத்திட்டத்தில் இல்லை என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

16 நவம்பர் 2023

இந்தியாவில் நடந்த ஆய்வு ஏதும் இல்லையா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இருக்கிறது, அதுவும் என் ஆலைக் கதைக்கு மிக நெருக்கமானது. அகமதாபாத் காலிகோ நெசவாலையில் தானியங்கித் தறிகள் போட்ட பிறகும் எதிர்பார்த்த பலன் வரவில்லை. லண்டனின் டாவிஸ்டாக் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ் 1953-இல் அங்கே போனார். ஒவ்வொருவருக்கும் தனித்தனித் துண்டு வேலை கொடுக்கப்பட்டிருந்ததால், ஒரு தறி முழுமையாக யாருடைய பொறுப்பிலும் இல்லை. சில தறிகளுக்கு ஒரு சிறு குழு முழுப் பொறுப்பு என்று மாற்றலாம் என்ற யோசனை முன்வைக்கப்பட்டதும், தொழிலாளர்களே முன்வந்து குழுக்களை அமைத்துக்கொண்டார்கள். உற்பத்தி உயர்ந்தது, சேதம் குறைந்தது. 1970-இல் அதே நிறுவனத்தின் எரிக் மில்லர் திரும்பப் போய்ப் பார்த்தபோது, ஒரு தறிக்கூடத்தில் குழுமுறை நிலைத்திருந்தது. மற்ற இடங்களில் பழைய முறையின் பக்கம் சாய்ந்திருந்தது.

நான் உடைத்தது இப்படி ஏற்கெனவே இருந்த ஒரு குழுவை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு வாசகரின் கேள்வி வந்தது: சமமாகப் பிரித்தார்கள் என்று ஆகஸ்டில் எழுதினீர்களே, அது உங்களுக்கு எப்படித் தெரியும்? தெரியாது. பதிவேட்டில் இல்லை என்று எழுதிய மூன்றே நாளில், சமம் என்று எழுதியிருக்கிறேன். அது என் ஊகம். அந்தச் சனிக்கிழமைகளில் நான் ஒருமுறைகூட அவர்களருகில் போய் நின்றதில்லை.

3 டிசம்பர் 2023

தேர்வு நெருங்குவதால் மாணவிக்கு ஒரே ஒரு செய்தி. பத்து மதிப்பெண் வினாவில் முதலில் கோட்பாட்டை, பாடநூல் கேட்கும் வரிசையில், முழுமையாக எழுதிவிடுங்கள். உங்கள் மறுப்பும் எடுத்துக்காட்டும் கடைசிப் பத்தியில் வரட்டும். திருத்துபவர் ஒரு நாளில் பல தாள்களைப் பார்ப்பவர். அவர் தேடும் சொற்களைக் கொடுத்த பிறகே நம் சொற்களுக்கு இடம் கிடைக்கும்.

21 ஜனவரி 2024

மேஸ்திரியைப் பார்த்துவிட்டேன். இப்போது அவர் சுமப்பதில்லை. திருவையாற்றுப் பக்கம் மகன் வீட்டில் இருக்கிறார். போனவுடன் நான் மன்னிப்புக் கேட்டேன். அதைப் பற்றிப் பேச அவருக்கு விருப்பமில்லை. பங்கு எப்படிப் பிரித்தீர்கள் அண்ணே என்று கேட்டதும் திண்ணையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

சமமாகப் பிரிக்கவே இல்லை. முதல் பருவத்துக்கு வரும் பையனுக்கு முக்கால் பங்கு. சுமப்பவருக்கு ஒரு பங்கு. லாரியின் விளிம்பில் நின்று மூட்டையைத் தூக்கிவிடுபவருக்கு ஒரு பங்கு. அடுக்கின் மேலே நின்று வாங்கி வைப்பவருக்கு ஒன்றேகால் பங்கு. அந்த இரண்டு வயதானவர்கள்தான் மேலே நின்று அடுக்குபவர்கள். நான் வில்லை கொடுத்தது சுமந்த மூட்டைக்கு மட்டும் என்பதால், அவர்கள் அடுக்கை விட்டு இறங்கிச் சுமக்கத் தொடங்கினார்கள். அடுக்கில் நிற்க ஆள் இல்லாமல் போனது. மெதுவாகச் சுமக்கிறார்கள் என்று நான் குறித்துவைத்த இரண்டு பேரும் சுமக்க வந்தவர்களே அல்லர்.

"நீங்க எண்ணுனது சுமந்தத மட்டுந்தானே, கணக்குப்பிள்ளை" என்றார்.

இதற்கும் மேலே, வாரத்துக்கு ஒரு கால் பங்கைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறார்கள். அடிபட்டுக் கிடப்பவரின் வீட்டுக்கு அது போகும். வில்லை முறை வந்த வாரமே அது நின்றுபோனது. கால் முறிந்த அந்த இளைஞருக்குக் கூட்டத்திலிருந்து ஏன் எதுவும் போகவில்லை என்று இத்தனை ஆண்டுகளாக நான் வியந்ததுண்டு.

ஆகஸ்ட் 24 குறிப்பின் கடைசி வரியை இதனால் விலக்கிக்கொள்கிறேன். ஓடிச் சுமந்த பையனை உட்கார வைத்ததற்கும் அவர் வேறு காரணம் சொன்னார்: மேலே இருப்பவர் ஒரு மூட்டையைத் திருப்பி வைத்து முடிப்பதற்குள் அடுத்தது வந்து நின்றால், அடுக்கு கோணும். அடிவரிசையை எப்படிக் குறுக்கும் நெடுக்குமாகப் போடுவது என்று ஒரு குச்சியால் வாசல் மண்ணில் வரைந்து காட்டினார். படம் எடுத்திருக்கிறேன். மாணவி தன் வகுப்புத் தோழிகளோடு வந்து கேட்க விரும்பினால், அறுவடை ஓய்ந்த பிறகு மாசியில் வரச் சொன்னார். காலையில் வந்தால் நல்லது, மதியத்துக்கு மேல் அவருக்குக் காது சரியாகக் கேட்பதில்லை.